கெட்டிலில் ஒரு வெள்ளை வளையம்

ஓசூர்
6.10.2024

அன்புள்ள மதினிக்கு வினிதா எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாமா உடம்பு எப்படி இருக்கிறது? என் மாமனார்தான், ஆனாலும் நான் விசாரித்ததாக அவரிடம் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும்.

இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் எழுதுவார்களா என்று சம்பங்கி கேலி செய்கிறாள். உங்கள் போன் பகலெல்லாம் மாமா கையில் இருப்பதும், அதில் என் பெயர் வந்தால் வீடு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேலி. தினமும் காவேரிப்பட்டினத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து என் பக்கத்து மேஜையில் உட்காருகிறவள், சாப்பாட்டுப் பையில் ஒரு கவர் கொண்டுபோனால் இளைத்துவிட மாட்டாள். ஒரு கவருக்கு ஒரு வடை என்று பேசி முடித்துவிட்டேன்.

உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். டீ வைக்க ஒரு கெட்டில் வாங்கப் போகிறேன். மேனேஜர் அறையில் ஒரு கண்ணாடிக் கெட்டில் இருக்கிறது. தண்ணீர் கொதிப்பதும் தூள் இறங்குவதும் வெளியே தெரிகின்றன. அதைப் பார்த்ததிலிருந்து ஆசை. ஆனால் உடையும் என்று பயமாகவும் இருக்கிறது. ஸ்டீல் பாத்திரமே போதுமே என்றும் தோன்றுகிறது. உங்கள் தம்பியைக் கேட்டால், "அக்கா பாத்திரக் கடையில இருக்குது, அதையே கேளு" என்கிறார். சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வினிதா

*

காவேரிப்பட்டினம்
11.10.2024

வினிதா கண்ணுவுக்கு,

மாதேஸ்வரியின் ஆசி. என் முழங்கால் மாடி ஏறினால் வலிக்கும், இறங்கினால் இன்னும் வலிக்கும். அப்பா இருக்கிறார்.

கண்ணாடியே வாங்கு. ஸ்டீல் வேண்டாம்.

கடைக்காரன் எடுத்துக் காட்டுகிற முதல் கெட்டிலை வாங்கிவிடாதே. நானும் கடையில் நிற்கிறவள்தான், விற்காததைத்தான் முதலில் காட்டுவோம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார். கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி இருந்தால் கீழே வைத்துவிடு. அடுப்பில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். மேஜையில் வைக்க மட்டும் ஒரு ரகம் உண்டு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், தீயில் வைத்தால் அன்றைக்கே வாயைப் பிளந்துவிடும். கழுவும்போது உன் கை உள்ளே போகிற அளவுக்கு வாய் அகலமாக இருக்கட்டும். கடையிலேயே தண்ணீர் கேட்டு ஊற்றிச் சாய்த்துப் பார். ஊற்றி நிமிர்த்தியதும் மூக்கிலிருந்து அடிப்பக்கம் சொட்டு வழியக்கூடாது. கடைக்காரன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

வாங்கியதும் எழுது. தினேசை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் அண்ணி (உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு மதினி),
மாதேஸ்வரி

*

ஓசூர்
4.11.2024

அன்பு மதினி,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். கெட்டில் நலமில்லை.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "டீச்சராம்மா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் நம் வழக்கப்படி பால், தண்ணீர், தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் வைத்தேன். ஐந்து நிமிடம் அழகாக இருந்தது. அப்புறம் பால் பொங்கி மூக்கு வழியாக அடுப்பில் கொட்டியது, மீதி அடியில் பிடித்துக்கொண்டது. இப்போது கெட்டிலின் அடி பழைய தோசைக்கல் நிறத்தில் இருக்கிறது. உங்கள் தம்பி சிரித்து ஓய்ந்துவிட்டு, தேய்க்கக் கம்பி நார் எடுத்துக் கொடுத்தார். உங்களைக் கேட்காமல் தேய்க்கவில்லை.

தீபாவளிக்குக் கொடுத்துவிட்ட அதிரசம் சம்பங்கி பையிலேயே திரும்பி வந்தது. மாமா தொடவில்லை என்றாள். தொடுவார் என்று நினைத்தது என் தப்பு. எங்கள் கல்யாணத்தன்று கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்திக் கையால் அடித்து அணைத்தாரே, அதை நான் மறக்கவில்லை. "அவ ஊட்டுத் தண்ணிகூட என் தொண்டையில எறங்காது" என்றார். வேறு ஊர்க்காரி, வேறு சாதிக்காரி. சரி. நான் அதிரசம் செய்தது உங்களுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வினிதா

*

காவேரிப்பட்டினம்
8.11.2024

கண்ணு வினிதா,

இங்கே எல்லாரும் ஒருமாதிரி இருக்கிறோம். அதிரசத்தில் நான்கை வழியிலேயே பிரித்துச் சாப்பிட்டேன், சம்பங்கி சொல்லவில்லையா? வெல்லம் சரியான பதம்.

கம்பி நாரைத் தூக்கிப் போடு. கீறல் விழுந்த கண்ணாடி அடுப்புச் சூட்டில் அந்த இடத்தில்தான் விரியும். அடி மூழ்க வெந்நீர் ஊற்றி, சமையல் சோடா கொஞ்சம் போட்டு ராத்திரி ஊற விடு. காலையில் பழைய பனியன் துணியால் துடைத்தால் வந்துவிடும். இனிமேல் அதில் பால் ஊற்றாதே. தண்ணீரும் தூளும் மட்டும். பாலைத் தனியாகக் காய்ச்சி டம்ளரில் சேர்த்துக்கொள். சூடான கெட்டிலை ஈரக் கல் மேல் வைக்காதே, சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரும் ஊற்றாதே. துணி மடித்துப் போட்டு அதன்மேல் வை.

ஓசூர் போர் தண்ணீரை அதில் காய்ச்சினால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். கேன் தண்ணீர்தானே குடிக்கிறீர்கள், அதையே ஊற்று.

தினேசு உன்னிடம் எதையாவது மறைத்தால் கோபித்துக்கொள்ளாதே. அவன் சின்ன வயசிலிருந்தே அப்படி.

உன் அண்ணி,
மாதேஸ்வரி

*

ஓசூர்
8.12.2024

அன்பு மதினிக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, விடிகாலையில் பஸ் கண்ணாடியில் ஒன்றும் தெரிவதில்லை.

போன கடிதத்தின் கடைசி வரியை ஏன் எழுதினீர்கள்? அவர் எதை மறைக்கிறார்? நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

இப்போது சொல்கிறேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். போன் கண்ணாடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடுவது. நாளெல்லாம் குறை தேடிய கண், வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா? காலையில் கெட்டிலைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் அது நிமிர்ந்து இருக்கிறது. கழுவித்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே பாதி உயரத்தில் ஒரு வெள்ளை வளையம். போர் தண்ணீர் காய்ந்த உப்பு. எங்கள் இருவரில் யாரும் அதில் போர் தண்ணீர் ஊற்ற மாட்டோம். மூலையில் கேன் இருக்கும்போது குழாய்த் தண்ணீரைக் காய்ச்சுகிறவர் எங்கள் வீட்டு ஆளாக இருக்க முடியாது.

கேட்டேன். "நாந்தான் டீ வெச்சேன். ஏன், வெக்கக்கூடாதா?" என்றார். அவர் டீயே குடிக்க மாட்டார், உங்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தால் வளையத்தைத் தேய்த்து எடுத்தேன். அடுத்த வியாழனும் அது வந்தது.

அவருக்கு அக்டோபரிலிருந்து வார லீவு வியாழன். எனக்கு ஞாயிறு. சூப்பர்வைசர் மாற்றிவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

சீக்கிரம் எழுதுங்கள்.
வினிதா

*

காவேரிப்பட்டினம்
23.12.2024

வினிதாவுக்கு,

நலம். கடையில் கணக்கெடுப்பு, அதனால் தாமதம். அப்பா நலம்.

வெள்ளை வளையத்துக்கு எலுமிச்சை சரிதான். போகாவிட்டால் புளித் தண்ணீர் ஊற்றி லேசாகச் சூடாக்கு. ஓசூரில் எல்லா வீட்டுக் கெட்டிலிலும் அது இருக்கும். அதற்குப் போய் மனசை அலட்டிக்கொள்ளாதே.

பொங்கலுக்கு என்ன வாங்கினாய்?

மாதேஸ்வரி

*

ஓசூர்
5.1.2025

மதினிக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்து எழுதுகிறேன். நான் நலமில்லை.

நான் ஆளைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் உப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். நான்கு வரிக் கடிதத்தில் அப்பா நலம் என்பது மட்டும் கேட்காமல் வந்திருக்கிறது. உங்களுக்கு ஏதோ தெரியும்.

கோயிலில் ஹரீஷ்குமாரின் மனைவியைப் பார்த்தேன். ஹரீஷ்குமாரும் உங்கள் தம்பியும் ஒரே மெஷினில் வேலை. வார லீவை யாரும் மாற்றவில்லையாம், இவரே கெஞ்சிக் கேட்டு வியாழனாக மாற்றிக்கொண்டாராம். எனக்குத் தெரியும் என்று நினைத்து அவள் சொல்கிறாள். நானும் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

வீட்டுக்கார அம்மா ராஜலட்சுமி கீழ் வீட்டில் இருக்கிறார். வாடகை கொடுக்கப் போனபோது, "ஏமா, வியாழக்கெழம உங்க ஊட்டுக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லையே என்றேன். "இல்லமா, உன் ஊட்டுக்காரர் கொரல் கேக்குது. கொஞ்சம் சாப்புடு, ரெண்டு வாய் சாப்புடுன்னு கெஞ்சறாரு. எங்காளு என்னைய ஒருநாளு அப்படிக் கெஞ்சினதில்ல" என்றார். யாரைக் கெஞ்சுகிறார் மதினி? என்னிடம் அவர் அப்படிப் பேசிப் பல மாதமாகிறது.

இவருக்காக என் அப்பா வெள்ளைச்சாமியின் முகத்தை மூன்று வருடமாகப் பார்க்காமல் இருக்கிறேன். இதுவும் போனால் எனக்கு இந்த ஊரில் ஒன்றுமில்லை. கம்பெனி ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாகிறதாம். பெயர் கொடுத்துவிட்டேன். பொங்கலுக்குள் உங்களிடமிருந்து உண்மை வராவிட்டால் பெட்டியைக் கட்டிவிடுவேன். கெட்டிலை அவருக்கே விட்டுவிடுகிறேன், வருகிறவளுக்கு உதவும்.

வினிதா

*

ஓசூர்
31.1.2025

மதினிக்கு,

பொங்கல் வந்தது, போனது. ஹாஸ்டல் கட்டில் இன்னும் காலியாகவில்லை. சம்பங்கி ஒவ்வொரு நாளும் பையைத் திறந்து காட்டி உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் அவள் என் கண்ணைப் பார்க்கவே பயந்தாள். உங்கள் உடல்நலத்தை இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

நேற்று வியாழக்கிழமை. மெஷின் நின்றுபோய் மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் வைக்க வேண்டிய துணிகளைக்கூட மனசில் மடித்துவிட்டேன்.

தெருமுனைக் குழாயில் ஒரு பெரியவர் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. பாட்டில் நிரம்பியதும் வெயிலுக்கு நேரே தூக்கி உள்ளே பார்த்தார். அப்போதுதான் முகம் தெரிந்தது, மாமா. கல்யாணத்தன்று பார்த்ததில் பாதிதான் இருக்கிறார். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். மேலே உங்கள் தம்பி கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

நான் தையல் கடை ஓரம் ஒதுங்கி நின்றேன். அவர் பஸ் ஏறிப் போகும்வரை வீட்டுக்குப் போகவில்லை.

சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது. என் அடுப்பு வேண்டும், என் கெட்டில் வேண்டும், என் கட்டிலில் படுக்க வேண்டும், மூலையில் இருக்கிற என் தண்ணீர் மட்டும் ஆகாதா? நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எனக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். இப்போதாவது எழுதுங்கள்.

வினிதா

*

காவேரிப்பட்டினம்
3.2.2025

என் கண்ணு வினிதாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். முதலாளி கங்கப்பன் வந்து என்ன உடைந்தது என்று கேட்டார்.

அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. செப்டம்பரில் தெரிந்தது. வியாழன்தோறும் ஓசூர் ஆஸ்பத்திரியில் ஊசி. போட்டதும் தலை சுற்றும், கொஞ்ச நேரம் படுக்காமல் பஸ் ஏற முடியாது. தினேசு அவர் காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னான். வந்தார். ஆனால் உனக்குத் தெரியக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அவனிடமும் வாங்கினார். நீ பார்த்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன்.

சூடம் அணைத்துச் சொன்ன வார்த்தையை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர். மீறினால் அது பேரப்பிள்ளை வரைக்கும் போகும் என்கிறார். உங்களுக்கு இன்னும் பிள்ளையே இல்லை, அவர் அதற்கும் சேர்த்துப் பயப்படுகிறார். சத்தியம் உன் வீட்டுத் தண்ணீருக்குத்தான், அடுப்புக்கு இல்லையாம். அதனால் தெருக்குழாயில் தானே பிடித்துவந்து காய்ச்சிக் குடிக்கிறார். முதல் வாரம் தினேசு ஸ்டீல் பாத்திரத்தை வைத்திருக்கிறான். உள்ளே முன்னாடியே உன் வீட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பாய் என்று சந்தேகப்பட்டு அதைத் தொடவில்லை. வெறும் வாயோடு ஊருக்கு வந்து படுத்தார். அந்த வாரம்தான் நீ எனக்குக் கெட்டில் பற்றி எழுதினாய்.

உனக்காக மட்டும் என்றால் ஸ்டீலே போதும் என்று எழுதியிருப்பேன். கண்ணாடி என்று எழுதியது அப்பாவுக்காக. காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும், அவர் ஊற்றிய தண்ணீர் மட்டும் கொதிப்பதும் தெரியும். எதிரே உட்கார்ந்து கொதிக்கிறவரை கண்ணை எடுக்க மாட்டாராம்.

அந்தக் குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது என்று டாக்டர் ரெண்டு தடவை சொல்லிவிட்டார். உப்பு அதிகம். சொன்னால் கேட்கமாட்டார். ஊரிலிருந்து பாட்டிலில் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. கடையில் விற்கிற தண்ணீரும் கேன் தண்ணீரும் அவருக்கு ஒன்றுதான். தினேசு வாங்கினால் அது உன் வீட்டுத் தண்ணீராகிவிடும். அவர் காசு கொடுத்தும் வாங்க மாட்டார், தண்ணீரை விலைக்கு வாங்குவதா என்பார். வளையம் திரும்பத் திரும்ப வருவதாக நீ எழுதியபோது அவர் வயிற்றுக்குள் அது படிவதாகத்தான் நான் படித்தேன். அதனால்தான் பதில் எழுதக் கை வரவில்லை.

ஹாஸ்டலுக்குப் போகாதே. போனால் நான் அதைத் தாங்கமாட்டேன்.

உன் அண்ணி

*

ஓசூர்
16.3.2025

அன்பு மதினி,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம் ஆற அவ்வளவு நாள் ஆனது, பொய் சொல்ல மாட்டேன். முழுக்க ஆறவும் இல்லை. ஹாஸ்டல் கட்டிலைச் சம்பங்கியின் தோழிக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நான் பார்த்ததை உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. அவர் சத்தியத்தை அவரே சுமக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வியாழனும் வளையத்தைத் தேய்க்கும்போது நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. எலுமிச்சை போட்டுக் கெட்டிலில் எடுத்துவிடலாம், அவர் உடம்பில் எப்படி எடுப்பது?

வெயில் தொடங்கியதும் ராஜலட்சுமி அம்மாவிடம் கேட்டு, காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெரிய மண்பானை வாங்கி வைத்தேன். மணல் பரப்பி, மேலே தட்டு, தட்டின்மேல் சங்கிலி கட்டிய டம்ளர். கேன் தண்ணீர்தான். ஆட்டோக்காரர்கள், ஷிப்ட் முடிந்து போகிற பையன்கள், பால்காரர் எல்லாரும் குடிக்கிறார்கள். "யாருக்குமா இது?" என்று ராஜலட்சுமி அம்மா கேட்டார். தெருவுக்கு என்றேன். தெருவில் வைத்து எல்லாருக்கும் கொடுத்த தண்ணீர் எந்த வீட்டுத் தண்ணீர், சொல்லுங்கள்?

முதல் நாள் நான் கேனைச் சாய்த்து ஊற்றத் தடுமாறினேன். உங்கள் தம்பி வந்து பானையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் கேனைத் தோளில் தூக்கிவந்து ஊற்றுவது அவர்தான்.

முதல் வியாழனும் வளையம் இருந்தது. இரண்டாவது வியாழனும் இருந்தது. பானை பக்கத்தில் நின்று யார் யார் குடிக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, குழாய்க்கே போனதாக ராஜலட்சுமி அம்மா சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

போன வியாழன் வந்து கெட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளையம் இல்லை. துடைத்து, நான் வைக்கிற மாதிரியே கவிழ்த்து, அடியில் துணி மடித்துப் போட்டிருந்தது.

நல்லபடியாக இருங்கள்.
வினிதா

*

காவேரிப்பட்டினம்
24.3.2025

கண்ணு வினிதா,

நலமாக இரு. கால்வலி இந்த வாரம் தெரியவே இல்லை.

அப்பா அந்தப் பானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி இங்கே திடீர் மழை. ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க எழுந்தால், அவர் கட்டிலில் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மழக்காலம் வந்துட்டா தெருவுல வெக்கிற தண்ணிப் பானைய எடுத்துடுவாங்களா?" என்றார்.

"எந்தப் பானைப்பா?" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, "எடுக்க மாட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எடுத்துவிடாதே கண்ணு.

உன் அண்ணி,
மாதேஸ்வரி